பூ. ச. குமாரசாமி ராஜா

பூ. ச. குமாரசாமி ராஜா (ஜூலை 8, 1898 - மார்ச் 16, 1957) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் காங்கிரசுத் தலைவரும் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரும் ஆவார். இராஜபாளையத்தைச் சேர்ந்த இவர் 1949 ஏப்ரல் 6 முதல் 1952 ஏப்ரல் வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும், இந்தியா குடியரசானபின் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் இவரே. பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல் சென்னை மாநிலத்தில் இவரது ஆட்சிக்காலத்தில் நடைபெற்றது. அத்தேர்தலில் இவரே தோல்வியுற்றார்.

பிறப்பும் பின்னணியும்

குமாரசாமி ராஜா இராஜபாளையத்தில் பூசபாடி குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் சஞ்சீவி ராஜா. பிறந்த எட்டாம் நாளில் தாயையும் மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்த இவரைப் பாட்டியார் வளர்த்தார்.

இராஜபாளையம் அக்காலத்தில் திருவில்லிபுத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். இவ்வட்டம் 1910 ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் புதிதாக அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. (1985 ஆம் ஆண்டு முதல் இப்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.) மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர் என வரிசையாக அமைந்த இவ்வூர்களில் தமிழ் பேசுவோருடன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பல சமூகத்தவரும் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். விசயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறியவர்களின் வழியினர் இவர்கள். குமாரசாமி ராஜா பிறந்த ராஜூ சமூகமும் அவற்றுள் ஒன்று. வீட்டில் தெலுங்கும் வீதியிலும் பள்ளியிலும் தமிழும் இவர்களது இயல்பான வழக்கம். சட்டமன்றத்தில் மொழி பற்றிய சிக்கல்கள் எழுந்த காலத்தில் ஆட்சியில் இருந்தவர் இத்தகைய இருமொழிச் சூழலில் வளர்ந்தவர் என்பதை நினைவிற்கொள்வது பயனுடையது.

இதே 1898 ஆம் ஆண்டு டிசம்பரில் அருகிலுள்ள வத்திராயிருப்பில் இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் பிறந்தார். அவருடைய பெயர் இக்கட்டுரையில் பின்னர் வேறொரு காரணத்தால் மீண்டும் வரும்.

அரசியல் நுழைவு

காந்தியின் கொள்கைகளாலும் சத்தியமூர்த்தியின் தொடர்பாலும் ஈர்க்கப்பட்டு இளமையிலேயே காங்கிரசில் சேர்ந்தார். இவரது பொதுவாழ்வு உள்ளாட்சி அமைப்புகளில் தொடங்கியது. விருதுநகரைச் சேர்ந்த காமராசரும் இவரும் ஒரே மாவட்டக் காங்கிரசில் வளர்ந்தவர்கள். பின்னாளில் இவரது உயர்வுக்குக் காமராசரின் ஆதரவே பெருங்காரணமாக அமைந்தது.

1934 ஆம் ஆண்டு தேர்தலில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களை உள்ளடக்கிய தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று பெரிய மாவட்டங்களுக்கு ஓர் உறுப்பினர் என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். வாக்காளர் தொகை மிகச் சிறிதாக இருந்ததால் அது இயன்றது. வாக்குரிமை அக்காலத்தில் எல்லோருக்கும் உரியதன்று. நிலவரி, சொத்துவரி, வருமானவரி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலுத்துவோரே பெரும்பாலும் வாக்காளராயினர். பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் விதியைச் சென்னைச் சட்டமன்றம் 1921 ஆம் ஆண்டிலேயே நீக்கியிருந்தது. இந்தியாவில் மாகாணங்களுள் இதனை முதலில் செய்தது சென்னையே. ஆயினும் சொத்துத் தகுதி நீங்காததால் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற பெண்கள் சிலரே.

1937 ஆம் ஆண்டுத் தேர்தலும் மொழி விதியும்

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையை ஓரளவு விரிவாக்கியது. வரி செலுத்துவோருடன் எழுதப் படிக்கத் தெரிந்தோரும் வேறு சில பிரிவினரும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அப்போதும் வயது வந்தோரில் பெரும்பாலோர் வெளியே நின்றனர். மறுபுறம், பட்டியலில் இடம்பெற்றோர் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி நிறமுடைய வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. காங்கிரசின் பெட்டி மஞ்சள். மஞ்சள் பெட்டிக்கு வாக்களிக்குமாறு கேட்டு ஊர் ஊராகப் பரப்புரை செய்யப்பட்டது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என எம்மொழியினரும் எழுத்தின் உதவியின்றி வாக்களிக்க இது வழிசெய்தது.

சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. குமாரசாமி ராஜாவும் இத்தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரானார்.

வாக்குப்பெட்டிக்கு நிறம் போதுமானதாக இருந்தது. வெற்றி பெற்று அவைக்குள் நுழைந்தவர்க்கு அது போதவில்லை. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணச் சட்டமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும். ஆங்கிலம் அறியாதவரும் போதிய அளவு அறியாதவரும் மட்டும் பிற மொழியைப் பயன்படுத்த அவை விதிகள் இடமளிக்கலாம். அதாவது ஓர் உறுப்பினர் தம் வாக்காளரின் மொழியில் பேசுவது உரிமையாக அன்றி, ஆங்கில அறிவுக் குறைவுக்கு அளிக்கப்பட்ட சலுகையாகவே கருதப்பட்டது. கிராமங்களிலிருந்தும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான 30 தனி இடங்களிலிருந்தும் வந்த உறுப்பினர்களை இவ்விதி பெரிதும் பாதித்தது. தமிழிலும் தெலுங்கிலும் உரைகள் நிகழ்ந்தன என்பது உண்மையே. எனினும் சட்ட முன்வரைவுகளும் திருத்தங்களும் ஆங்கிலத்தில் இருந்தமையால் விவாதத்தில் முழுமையாகப் பங்குகொள்ள ஆங்கிலம் தேவைப்பட்டது.

இதே அவையின் காலத்தில்தான் இராஜாஜி அரசு 1938 இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்த போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் உயிரிழந்தனர். காங்கிரசு அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியபின், 1940 பிப்ரவரியில் ஆளுநரின் ஆட்சி கட்டாய இந்தியைக் கைவிட்டது.

அமைச்சர், பிரதமர்

1946 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் த. பிரகாசம் அமைத்த அமைச்சரவையில் குமாரசாமி ராஜா அமைச்சராக இடம்பெற்றார். பிரகாசத்துக்குப்பின் 1947 மார்ச்சில் ஓமந்தூர் ப. இராமசாமி ரெட்டியார் பிரதமரானார். கட்சிக்குள் எழுந்த கருத்து வேறுபாடுகளால் அவர் பதவி விலக நேர்ந்தபோது, தமிழ்நாடு காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசரின் ஆதரவுடன் 1949 ஏப்ரல் 6 அன்று குமாரசாமி ராஜா பிரதமர் பொறுப்பேற்றார்.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாகாணம் மாநிலமாகவும் பிரதமர் முதலமைச்சராகவும் பெயர் மாறினர். அவை மட்டும் மாறவில்லை. 1946 இல் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே சட்டமன்றம், புதிய தேர்தல் நடக்கும் வரை இடைக்கால ஏற்பாடாகத் தொடர்ந்தது. அனைவருக்கும் வாக்குரிமை என்பது சட்டமாகிவிட்ட நாட்டில், அவ்வுரிமையால் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அவையின் தலைமை அமைச்சராக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி நடத்த வேண்டிய நிலை இவருக்கு ஏற்பட்டது. இவரது அரசின் சாதனைகளையும் குறைகளையும் மதிப்பிடும்போது இதனையும் கருத வேண்டும்.

இவ்வவையின் தலைவராக இருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்தின் தலைவரான முதல்வர் அவரே.

ஓமந்தூரார் ஆட்சியில் 1948 இல் நிறைவேறிய சமீன் ஒழிப்புச் சட்டம் குமாரசாமி ராஜாவின் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1951 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் இவரது ஆட்சியில் இயற்றப்பட்டதாகும்.

வகுப்புவாரி ஆணை வழக்கு

கல்லூரிகளிலும் அரசுப் பணிகளிலும் இடங்களைப் பகிர்ந்தளித்த வகுப்புவாரி ஆணை சென்னையில் நீதிக்கட்சிக் காலம் முதல் நடைமுறையில் இருந்தது. விடுதலைக் காலத்தில் நடைமுறையில் இருந்த வடிவத்தில், ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முசுலிம்களுக்கு 1 என இடங்கள் ஒதுக்கப்பட்டன. செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1950 ஜூலையில் இவ்வாணை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. குமாரசாமி ராஜா அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறிப் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. வழக்கில் தோற்ற அரசு எதை நாடியதோ அது திருத்தத்தால் ஓரளவு கிட்டியது எனலாம்.

மொழிக் கொள்கை

1948-49 கல்வியாண்டில் ஓமந்தூரார் அரசு மீண்டும் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியிருந்தது. திராவிடர் கழகம் அதனை எதிர்த்துப் போராடியது. குமாரசாமி ராஜாவின் அரசு இதில் பிடிவாதம் காட்டவில்லை. 1950-51 கல்வியாண்டில் இந்தி விருப்பப் பாடமாக்கப்பட்டது. 1938 இல் ஈராண்டுப் போராட்டத்துக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் பின் வந்த முடிவு இம்முறை பெரிய இழப்புகள் இன்றி எட்டப்பட்டது.

சிறுபான்மை மொழியினரின் கல்வி பற்றிய ஏற்பாடும் இக்காலத்தையே சேர்ந்தது. ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால் அம்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும் என 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. நான்கு மொழியினர் வாழ்ந்த சென்னை மாகாணத்துக்கு இது ஏட்டளவு விதியன்று.

புதிய அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றங்களின் மொழியைப் பற்றியும் விதி செய்தது. மாநிலத்தின் அலுவல் மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் நடவடிக்கைகள் நிகழலாம். இவற்றுள் எதிலும் கருத்தைச் சரியாக வெளியிட இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம். சென்னை மாநிலத்துக்கு என அலுவல் மொழிச் சட்டம் 1956 டிசம்பர் வரை இயற்றப்படவில்லை. ஆகவே எழுத்தளவில் பார்த்தால், குடியரசின் முதல் ஏழாண்டுகளில் சென்னைச் சட்டமன்றத்தில் தமிழில் பேசுவதும் தெலுங்கில் பேசுவதும் அவைத்தலைவரின் அனுமதியைச் சார்ந்தே இருந்தன. நான்கு மொழியினரும் ஒரே அவையில் இருந்தவரை அவற்றுள் ஒன்றை மட்டும் அலுவல் மொழியாக அறிவிக்க எந்த அமைச்சரவையும் துணிந்திருக்க இயலாது.

ஆந்திரப் பிரிவினைக் குழு

சவகர்லால் நேரு, வல்லபாய் பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோர் கொண்ட காங்கிரசுக் குழு 1949 ஏப்ரலில் அளித்த அறிக்கை, சென்னை நகருக்கான உரிமையைத் தெலுங்கர் கைவிட்டால் ஆந்திர மாகாணம் அமைக்கலாம் என்றது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டின் இறுதியில் சென்னை அரசு ஒரு பிரிவினைக் குழுவை அமைத்தது. குமாரசாமி ராஜா அதன் தலைவர். த. பிரகாசம், பெ. கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ், நீ. சஞ்சீவ ரெட்டி, டி. டி. கிருஷ்ணமாச்சாரி, மீ. பக்தவத்சலம், கே. மாதவ மேனன் ஆகியோர் உறுப்பினர்கள்.

பெரும்பாலான செய்திகளில் குழு உடன்பட்டது. சென்னை நகரம் பற்றி உடன்படவில்லை. புதிய ஆந்திர அரசு தற்காலிகமாகச் சென்னையிலிருந்து இயங்க வேண்டும் என்று பிரகாசம் தனிக் குறிப்பு எழுதினார். மற்றவர்கள் அதனை ஏற்கவில்லை. ஒருமனதான முடிவு இல்லை என்ற காரணத்தால் பிரிவினை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பின் விலை பெரிது: 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபின், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானது.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட முதலமைச்சர், தெலுங்கு மாநிலக் கோரிக்கையில் தமிழ்நாட்டின் பக்கம் நின்றார் என்று அன்று ஆந்திரத் தலைவர்கள் சிலர் கருதியிருக்கக்கூடும். ஆனால் இராஜபாளையத்தையும் வத்திராயிருப்பையும் போன்ற ஊர்களின் தெலுங்கருக்கு ஆந்திரக் கோரிக்கையில் நேரடிப் பங்கு இல்லை. எல்லை எங்கு வகுக்கப்பட்டாலும் அவர்கள் தமிழ் மாவட்டங்களிலேயே இருப்பர். பிரிவினைக்கு முன் மாகாணத்தின் பெருமொழிகளுள் ஒன்றைப் பேசியோர், பிரிவினைக்குப்பின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

கம்யூனிஸ்டுகள் மீதான நடவடிக்கைகள்

இவரது ஆட்சி மீதான கடுமையான குற்றச்சாட்டு அடிப்படை உரிமைகள் தொடர்பானது. 1949 செப்டம்பரில் சென்னை அரசு கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடைசெய்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் கொல்லப்பட்டனர். ஏ. கே. கோபாலன் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டதும், கிராஸ் ரோட்ஸ் இதழ் மாநிலத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டதும் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்குகளாயின. 1950 மே மாதத்தில் கோபாலன் வழக்கில் தடுப்புக் காவல் பெரும்பாலும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இதழ் மீதான தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இந்தியாவில் கருத்துரிமை பற்றிய தொடக்ககாலத் தீர்ப்புகளில் சென்னை மாநிலத்தின் பெயர் எதிர்த்தரப்பாக அடிக்கடி காணப்படுவது இதனாலேயே.

வாக்குரிமையை விரிவாக்கும் பணியும் எதிர்க்கட்சியை அடக்கும் பணியும் ஒரே தலைமைச் செயலகத்தில் ஒரே காலத்தில் நடந்தன. தேர்தலின்போது கம்யூனிஸ்டுகள் வெளிப்படையாகப் போட்டியிட்டனர். பி. இராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் சட்டமன்றத்துக்கு வெற்றி பெற்றார்.

முதல் பொதுத்தேர்தல்

சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் அடிப்படையில் எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது எனவும், 21 வயது நிறைந்த ஒவ்வொருவரும் வாக்காளர் எனவும் அரசியலமைப்பு விதித்தது. (வாக்களிக்கும் வயது 1989 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது.) சொத்தும் எழுத்தறிவும் தகுதிகளாக இருந்த நிலை இத்துடன் முடிந்தது. நாடு முழுவதும் சுமார் 17.3 கோடி வாக்காளர்கள் பதிவாயினர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறித் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டனர். இவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

சென்னை மாநிலத்தில் 309 தொகுதிகளிலிருந்து 375 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியிருந்தது. 243 தொகுதிகள் ஓர் உறுப்பினர் தொகுதிகள். 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் வெவ்வேறு வேட்பாளருக்கே அளிக்க வேண்டும். முதன்முறையாக வாக்களிக்க வந்தோருக்கு இதனை விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ அச்சிடப்படவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து அதன்மீது சின்னம் ஒட்டப்பட்டது. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள், சோசலிஸ்டுகளுக்கு ஆலமரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. மஞ்சள் பெட்டியின் தொடர்ச்சியாகவே இம்முறையைக் கொள்ளலாம். எந்த மொழியினரும் எவர் உதவியுமின்றி மறைவாக வாக்களிக்க முடிந்தது. பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரையிடும் முறை 1962 ஆம் ஆண்டுத் தேர்தலில் பரவலானபோதுதான், சீட்டு எம்மொழியில் அச்சிடப்பட வேண்டும் என்ற கேள்வி பொருளுடையதாயிற்று.

ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை இடப்பட்டது. 1962 முதல் மைசூரில் தயாரிக்கப்பட்டுவரும் தேர்தல் மையின் கலவை தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. அவ்வாய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் வாக்குப்பதிவு நடந்தது. உணவுப் பற்றாக்குறை, பங்கீட்டுக் கட்டுப்பாடுகள், ஆந்திரச் சிக்கல், கட்சிப் பூசல் ஆகியவை காங்கிரசைப் பாதித்தன. 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களே பெற்றது. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களையும், பிரகாசத்தின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும், தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் வென்றன. திராவிட முன்னேற்றக் கழகம் போட்டியிடவில்லை. தன் கோரிக்கைகளை ஏற்றுக் கையொப்பமிட்ட பிற கட்சி வேட்பாளர்களை ஆதரித்தது.

முதலமைச்சர் குமாரசாமி ராஜா தோற்றார். அமைச்சர்கள் பக்தவத்சலம், கோபால ரெட்டி, மாதவ மேனன் ஆகியோரும் தோற்றனர். அதே தேர்தலில் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காமராசர் வெற்றி பெற்றார் என்பதால், இப்பகுதி வாக்காளர் காங்கிரசை முற்றிலும் ஒதுக்கினர் என்று கூற இயலாது.

தேர்தலை நடத்திய ஆட்சியின் தலைவரே அத்தேர்தலில் தோற்றது, பதிவான வாக்குகள் பதிவானபடியே எண்ணப்பட்டன என்பதற்கு ஒரு சான்றாகும். முடிவுகளை எதிர்த்து அவர் எவ்வகை முயற்சியும் செய்யவில்லை. புதிய அரசு அமையும் வரை பொறுப்பில் தொடர்ந்தார். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய சனநாயக முன்னணி அமைத்து 166 உறுப்பினர் ஆதரவு உண்டென உரிமை கோரின. ஆளுநர் சிறீ பிரகாசா, தேர்தலில் போட்டியிடாத இராஜாஜியை மேலவைக்கு நியமித்து அமைச்சரவை அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று இராஜாஜி முதலமைச்சரானார். மக்கள் வாக்கால் தோற்றவர் விலக, வாக்கைச் சந்திக்காதவர் அப்பதவிக்கு வந்த இந்நிகழ்வு அன்றும் பின்னரும் விமர்சிக்கப்பட்டது.

ஒரிசா ஆளுநர்

1954 ஆம் ஆண்டு குமாரசாமி ராஜா ஒரிசாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே ஒரிசாச் சட்டமன்றம் ஒடியாவை மாநிலத்தின் அலுவல் மொழியாக்கும் சட்டத்தை இயற்றியது. மொழியின் அடிப்படையில் 1936 இல் அமைந்த மாகாணமான ஒரிசாவுக்கு இது எளிதாக இருந்தது. தாம் தலைமை தாங்கிய சென்னையில் செய்ய இயலாத ஒன்று வேறொரு மாநிலத்தில் நிறைவேறியதை அவர் ஆளுநர் மாளிகையிலிருந்து கண்டார்.

மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை செரைகேலா, கர்சவான் பகுதிகளை ஒரிசாவுக்குத் தராததை எதிர்த்து 1956 ஜனவரியில் அங்குக் கிளர்ச்சிகள் மூண்டன. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பதவியிலிருந்து விலகி ஊர் திரும்பினார்.

1956 இல் மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளை நடுவண் அரசு ஒரு குறிப்பாணையாக வெளியிட்டது. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஒரு மொழிச் சிறுபான்மையினர் இருந்தால், அரசு அறிவிப்புகளையும் வாக்காளர் பட்டியல்களையும் அவர்கள் மொழியிலும் வெளியிடுவது நலம் என்று அது மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. இது பரிந்துரையே அன்றிச் சட்டமன்று. அதே ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய விதியையும் மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் பதவியையும் சேர்த்தது. 1956 டிசம்பரில் சி. சுப்பிரமணியம் கொண்டுவந்த சட்டத்தால் தமிழ் சென்னை மாநிலத்தின் அலுவல் மொழியாயிற்று. அதன்பின் சட்டமன்றத்தில் தமிழில் பேசுவது அனுமதி வேண்டாத உரிமை. தெலுங்கிலோ கன்னடத்திலோ மட்டுமே பேசவல்ல உறுப்பினருக்குப் பழைய அனுமதி விதியே தொடர்ந்தது.

மறைவும் நினைவும்

குமாரசாமி ராஜா 1957 மார்ச் 16 அன்று காலமானார். சென்னை மாநிலத்தில் இரண்டாம் பொதுத்தேர்தல் நடந்ததும் அதே மாதத்தில்தான். பிரிவினைகளுக்குப்பின் அமைந்த அம்மாநிலத்தில் காமராசர் மீண்டும் முதலமைச்சரானார்.

இராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டைக் குமாரசாமி ராஜா பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கினார். அங்குக் காந்தி கலை மன்றம் அமைந்தது.